ஜிம்னாஸ்டிக்ஸ் கிரிப் வாங்கப் போகிறீர்களா? யூனிஃபார்ம் வாங்குகிற மாதிரி வாங்காதீர்கள்

மகளுக்கு முதல் கிரிப் வாங்கியபோது நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வளருகிற பிள்ளை, ஆறு மாதத்தில் கை பெரிதாகிவிடும், இருக்கட்டுமே என்று ஒரு சைஸ் பெரிதாக ஆர்டர் போட்டேன். பள்ளி யூனிஃபார்ம், ஷூ, மழைக்கோட்டு எல்லாம் அப்படித்தானே வாங்குகிறோம். ஷூ பெரிதாக இருந்தால் நுனியில் கொஞ்சம் பஞ்சை அடைத்துக்கொள்ளலாம், பேன்ட் நீளமாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். பார்சல் வந்த அன்றைக்கே பயிற்சிக்குக் கொண்டுபோனோம். கோச் அதை அவள் கையில் மாட்டிவிட்டுத் தாழ்ந்த பாரை, அதாவது தொங்கிச் சுற்றுகிற கம்பியை, பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். உள்ளங்கைக்கும் பாருக்கும் நடுவே லெதர் சுருட்டிக்கொண்டு ஒரு மடிப்பாக நின்றது. அந்த மடிப்பை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு இவ ஒரு சுத்துகூடச் சுத்தக் கூடாது சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கை நின்னுடும். உடம்பு நிக்காது."

அவர் சொன்னது புரிவதற்கு கிரிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் வாங்குவது பற்றிய பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

கிரிப்பைக் கையுறை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கை உரியாமல் இருக்க ஒரு லெதர் துண்டு, அவ்வளவுதானே என்று. உரிவதைக் குறைக்கும், அது உண்மைதான், ஆனால் அது பக்க லாபம். பொருள் என்னவோ எளிமையானது: உள்ளங்கையை மறைக்கிற ஒரு லெதர் பட்டை, ஒரு முனையில் விரல் நுழைக்க இரண்டு அல்லது மூன்று ஓட்டைகள், மறுமுனையில் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டுகிற வார். விரல் ஓட்டைகளுக்குச் சற்றுக் கீழே, லெதரை மடித்து உள்ளே ஒரு சின்ன உருளையை வைத்திருப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் டாவல் என்று பெயர். முதல் வாரம் கோச் "டாவல் சரியா உக்காரலை" என்று சொன்னபோது நான் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன், மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நான் இனி குச்சி என்றே எழுதுகிறேன்.

குச்சிதான் அதன் உயிர். விரல்கள் பாரைச் சுற்றி மடங்கும்போது குச்சி பாரின் மேலே கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது. ஜெயன்ட், அதாவது உடம்பை நீட்டியபடி பாரை முழு வட்டமாகச் சுற்றுவது, அதைச் சுற்றுகிறவர் அடிப்பக்கத்தைக் கடக்கிற கணத்தில் கையில் விழுகிற இழுவை அவருடைய எடையைப் போலச் சில மடங்கு. அதை விரல்கள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, குச்சியும் லெதரும் சேர்ந்து அந்தச் சுமையை விரலிலிருந்து மணிக்கட்டு வாருக்குக் கடத்துகின்றன. அதே சமயம் லெதர் பாரின் மேல் வழுக்கிச் சுற்றவும் வேண்டும். பிடிக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும், இரண்டும் சரியான அளவில்.

லெதர் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் என்ன ஆகும்? குச்சி பாரைச் சுற்றி அடுத்த பக்கம் வரைக்கும் போய்விடும். மிச்ச லெதர் மடிந்து, அந்த மடிப்பின் மேல் குச்சி ஏறி, பாருக்கும் கைக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அப்புறம் கை பாரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உடம்பு மட்டும் வேகம் குறையாமல் சுற்றிப் போகும். முன்கை எலும்பு உடைவதே இதில் வழக்கம். இதற்கு கிரிப் லாக் என்று பெயர். ஆண்களுக்கான ஹை பாரில்தான் (உயரத்தில் இருக்கிற ஒற்றைக் கம்பி) இது அதிகம், காரணம் அந்த பார் மெல்லியது, குச்சிக்குச் சுற்றி வருகிற தூரம் குறைவு. பெண்களுக்கான பார் பருமனானது, அதனால் அங்கே அபாயம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சைஸ் விஷயத்தில் "பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்" என்கிற பேச்சு ஏன் இங்கே செல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்தக் கருவிக்கு?

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி சைஸ் இல்லை, கருவி. பெண்களுக்கு நான்கு கருவிகள், அதில் அன்ஈவன் பார்ஸுக்கு (ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருக்கிற இரண்டு பார்கள்) மட்டும்தான் கிரிப். ஆண்களுக்கு ஆறு, அதில் ஹை பாருக்கும் ரிங்ஸுக்கும் (தொங்குகிற இரண்டு வளையங்கள்) மட்டும். ஃப்ளோர், வால்ட், பீம், பாமல் ஹார்ஸ், பேரலல் பார்ஸ் எதற்கும் வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் நான்காம் இடம் பிடித்ததைப் பார்த்துவிட்டு மகளைச் சேர்த்த பெற்றோர் ஒருவர், "அவங்க போட்டிருந்த கிரிப் எந்த கம்பெனி?" என்று என்னிடம் கேட்டார். அது வால்ட். ஓடிவந்து டேபிளில் கையை ஊன்றி எம்புகிற விளையாட்டில் கிரிப்புக்கு என்ன வேலை?

அன்ஈவன் பார்ஸின் பார் ஏறக்குறைய 40 மி.மீ. பருமன், ஃபைபர் கிளாஸ் மேல் மரப் பூச்சு. ஹை பார் எஃகு, 28 மி.மீ. தான். ரிங்ஸும் 28 மி.மீ. பருமன், ஆனால் வளையம், அது தொங்கிக்கொண்டு ஆடுவது, அதில் கையின் கோணமே வேறு. இந்த மூன்றுக்கும் மூன்று விதமான கிரிப் இருக்கிறது.

பெண்களுக்கான பார் கிரிப்பில் இரண்டு ஓட்டை, நடுவிரலும் மோதிர விரலும் நுழையும். ஹை பார் கிரிப்பில் பெரும்பாலும் மூன்று ஓட்டை, ஆள்காட்டி விரலும் சேரும். குச்சி மெல்லியதாக இருக்கும். ரிங்ஸ் கிரிப்பில் இரண்டு ஓட்டை, குச்சி தடிமனாக இருக்கும். பையனுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு ஜோடி வாங்கித்தான் ஆக வேண்டும், ரிங்ஸ் கிரிப்பைப் போட்டுக்கொண்டு ஹை பாரில் ஏறவே கூடாது. "ஒரே கையில மாட்டுறதுதானே, எதுக்கு ரெண்டு?" என்று செலவைப் பார்க்கிற இடம் இது இல்லை. இரண்டு ஜோடியையும் ஒரே பையில் போட்டுக் கலந்துவிடாமல், ஒன்றின் வாரில் மார்க்கர் பேனாவால் 'ரி' என்று எழுதிவைப்பது நல்லது. அவசரத்தில் பிள்ளைகள் எதையும் எடுத்து மாட்டிக்கொள்ளும்.

ஆன்லைனில் தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் கிரிப் என்று போட்டுத் தேடினால் வருவதில் முக்கால்வாசி, வெயிட் தூக்குகிறவர்களும் கிராஸ்ஃபிட் செய்கிறவர்களும் புல் அப் எடுக்கப் போடுகிற உறைகள். அவற்றில் குச்சி இருக்காது. படத்தில் ஒருவர் கம்பியில் தொங்குவார், பெயரிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று இருக்கும், விலையும் சில நூறு ரூபாயில் ஆசை காட்டும். அது அந்த வேலைக்கு நல்ல பொருளாகவே இருக்கலாம், ஆனால் ஜெயன்ட் சுற்றுவதற்கானது இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் விசேஷமாக ஏமாந்தார்: பத்து வயது மகளுக்கு வந்து சேர்ந்தது மூன்று ஓட்டை உள்ள ஆண்கள் ஹை பார் கிரிப். விற்றவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதனால் படத்தைப் பெரிதாக்கி ஓட்டையை எண்ணுங்கள், குச்சி இருக்கிறதா என்று பாருங்கள், எந்தக் கருவிக்கு என்று விவரத்தில் எழுதியிருக்கிறதா என்றும் படியுங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் விட்டுவிடுங்கள்.

இப்போதே வேண்டுமா?

சேர்ந்த மாதமே கிரிப் வாங்கக் கிளம்புகிற பெற்றோர்தான் அதிகம். வேண்டாம். தொங்குவது, சின்ன ஊஞ்சல், காஸ்ட் (இடுப்பை பாரிலிருந்து விலக்கி எம்புவது), பேக் ஹிப் சர்க்கிள் (இடுப்பை பாரில் ஒட்டிப் பின்பக்கமாகச் சுற்றுவது) இதெல்லாம் வெறுங்கையில் கற்றுக்கொள்வதே நல்லது, அப்போதுதான் பிடி பலமாகும், உள்ளங்கையும் காய்ப்புக் காய்த்துப் பழகும். பாரை உணர்வது என்று ஒன்று இருக்கிறது, அது லெதர் வழியாக வராது. கிப் (தொங்கி ஊசலாடி பாரின் மேலே எழும்புவது) கைக்கு வந்து, பெரிய ஊஞ்சலும் ஜெயன்ட்டும் நோக்கிப் போகிற கட்டத்தில்தான் பொதுவாக கோச்சுகள் குச்சி வைத்த கிரிப்புக்கு மாறச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் கை ரொம்பப் படுத்துகிறது என்றால் குச்சி இல்லாத பாம் கார்டு (உள்ளங்கையை மட்டும் மூடுகிற உறை) இருக்கிறது, விலையும் குறைவு. உலக அளவில் போட்டியிடுகிறவர்களிலேயே வெறுங்கையோடு பாரில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எப்போது என்பதை கோச் சொல்லட்டும். அவர் "இன்னும் ஆறு மாசம் போகட்டும்" என்றால் உங்கள் பணம் ஆறு மாதம் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையின் கையை விரல்கள் சேர்ந்திருக்கும்படி நேராக வைத்து, நடுவிரல் நுனியில் ஒரு கோடு, மணிக்கட்டில் உள்ளங்கை முடிகிற முதல் ரேகையில் ஒரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் அளக்க வேண்டும், சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். மணிக்கட்டின் சுற்றளவையும் டேப்பால் எடுத்துவையுங்கள், ரிஸ்ட் பேண்ட் (மணிக்கட்டில் போடுகிற துணிப் பட்டை) போட்ட மேல் எவ்வளவு, போடாமல் எவ்வளவு என்று இரண்டும். துணி தைக்கிற டேப் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி எடுத்து ஸ்கேலில் வைத்தால் போதும்.

அப்புறம் எந்தக் கம்பெனியின் கிரிப்போ அந்தக் கம்பெனியின் அட்டவணையில் மட்டும் பாருங்கள். சைஸ் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றில் 2 என்பது இன்னொன்றில் வேறு. சுவிட்சர்லாந்தின் ரெய்ஸ்போர்ட் கிரிப்பில் உங்கள் பிள்ளைக்கு ஒரு எண் சரியாக இருந்தது என்பதற்காக அமெரிக்கக் கம்பெனியிலும் அதே எண்ணைக் கேட்டால் பார்சலைத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருக்க வேண்டியதுதான், அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததென்றால் சுங்க வரியோடு போனது போனதுதான்.

இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்? சின்னது. என் தவறே இதில்தான். லெதர் போடப்போட நீளும், பிள்ளையின் கை வளருவதை விட வேகமாகவே நீளும். புதிதாக இருக்கும்போது கொஞ்சம் பிடிப்பாக இருப்பது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். புதிதாக இருக்கும்போதே தளர்வாக இருப்பது ஒரு மாதத்தில் அபாயமாகிவிடும்.

கையில் மாட்டிப் பார்ப்பது

அட்டவணை பாதி தூரம்தான் கொண்டுவிடும். மீதியைக் கையில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். முதலில் ரிஸ்ட் பேண்ட், அதன் மேல்தான் கிரிப்பின் வார் வர வேண்டும், வெறும் தோலில் வார் உராய்ந்தால் ஒரே நாளில் மணிக்கட்டு புண்ணாகிவிடும். காட்டன் பேண்ட் போதும், வியர்வையை இழுத்துக்கொள்ளும். லெதரின் சொரசொரப்பான பக்கம் பாரைத் தொட வேண்டும். விரல்களை ஓட்டையில் நுழைத்து, கையை நேராக நீட்டி, குச்சி தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு வாரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள்.

குச்சியின் இடம் எது? விரல் நுனியிலிருந்து எண்ணினால் முதல் மூட்டுக்கும் இரண்டாவது மூட்டுக்கும் நடுவே. அதற்கும் கீழே இறங்கி, விரலும் உள்ளங்கையும் சேருகிற இடத்தை நெருங்கினால் கொக்கி வேலை நடக்காது. ஒன்று ஓட்டை பெரிது அல்லது கிரிப்பே பெரிது. விரல் நுனிப் பக்கமே நின்றுகொண்டு கீழே வர மறுத்தால் ஓட்டை சின்னது. புது கிரிப்பில் ஓட்டைகளை வேண்டுமென்றே சின்னதாகத்தான் வைத்திருப்பார்கள், ஏனென்றால் சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிய ஓட்டையைச் சின்னதாக்க முடியாது. ஒரு தடித்த மார்க்கரை நுழைத்து ஒரு ராத்திரி வைத்தாலே கொஞ்சம் விடும். போதாவிட்டால் உப்புத்தாளைச் சுருட்டி உள் விளிம்பைத் தேயுங்கள், இரண்டு தேய், ஒரு தடவை போட்டுப் பார், மறுபடி இரண்டு தேய். கத்தரியை எடுக்காதீர்கள். கத்தரியால் வெட்டிய விளிம்பிலிருந்துதான் பிறகு கிழிய ஆரம்பிக்கும்.

இப்போது பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் பார் இருக்காது, ஆனால் ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. பிவிசி பைப் ஒரு அடி வாங்கிக்கொள்ளலாம், அன்ஈவன் பார்ஸின் பருமன் ஏறக்குறைய அதுதான். தொங்குவதற்கு இல்லை, பிடித்துப் பார்ப்பதற்கு மட்டும். நீங்கள் பைப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நடுவே கிரிப்போடு பிடித்துத் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். குச்சி பைப்பின் மேல் ஏறி விரல்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதா? லெதர் உள்ளங்கையோடு படிந்திருக்கிறதா, இல்லை நடுவில் மடிப்பு விழுகிறதா? மடிப்பு லெதர் மேல் லெதராக ஏறினால், அல்லது குச்சி சுற்றிவந்து உள்ளங்கைப் பக்கத்து லெதரைத் தொட்டால், அந்த கிரிப் நீளம், பேச்சே இல்லை. மாறாக, கையை விரித்தால் விரல்கள் முன்னால் இழுபட்டு நிமிர முடியாமல் நின்றால், பிடிக்கும்போது குச்சி பைப்பைத் தாண்டி ஏறவே இல்லை என்றால், குட்டை. விரித்தால் லேசான இழுப்பு, பிடித்தால் மடிப்பில்லாத படிவு, இதுதான் நாம் தேடுவது. ஒரு போட்டோ எடுத்து கோச்சுக்கு அனுப்பிவிட்டு, அவர் சரி என்ற பிறகு டேக்கை அறுங்கள். ஆன்லைன் வாங்கலில் திருப்பி அனுப்பும் வசதி உயிரோடு இருப்பது சாக் (பிடிக்காகத் தேய்க்கிற வெள்ளைத் தூள்) படாத வரைக்கும்தான்.

வெல்க்ரோவா பக்கிளா என்பது பெற்றோர் நடுவே முடிவில்லாத பட்டிமன்றம். என் கட்சி: சின்னப் பிள்ளைக்கு வெல்க்ரோ, ஜெயன்ட் சுற்ற ஆரம்பித்ததும் பக்கிள். எட்டு வயதுப் பிள்ளை தன் வலது கை பக்கிளை இடது கையால் போட்டு முடிப்பதற்குள் அவள் முறை போய்விடும், வெல்க்ரோ என்றால் பல்லால் இழுத்துக்கூட ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெல்க்ரோவில் சாக் தூளும் நூலும் அடைத்துக்கொண்டு பிடி குறையும், பிடி குறைந்தால் வார் மெல்ல மெல்லக் கையை நோக்கி நகரும், நகர்ந்த அளவு லெதர் நீளமான மாதிரிதான். மேலே சொன்ன மடிப்பு அங்கிருந்தும் வரலாம். வாரம் ஒரு முறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெல்க்ரோவைச் சுத்தம் செய்துவிடுங்கள். பக்கிளில் இந்தச் சிக்கல் இல்லை, போன தடவை எந்த ஓட்டையோ இந்தத் தடவையும் அதே ஓட்டை. என் மகள் மணிக்கட்டு ரொம்ப ஒல்லி, கடைசி ஓட்டையிலும் தளர்ந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்து வாரில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுவந்தேன், பத்து நிமிஷ வேலை. அவர் "வேற எதுவும் தைக்கணுமா?" என்று ஆசையாகக் கேட்டார். வாரில் ஓட்டை போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழிந்த விரல் ஓட்டையை ஒட்டுப்போடுவது, நீளத்தைக் குறைத்து மறுபடி தைப்பது, குச்சியை மாற்றுவது, எதுவும் வேண்டாம். எவ்வளவு கைதேர்ந்த தொழிலாளி தைத்தாலும் அந்தத் தையல் எப்போது விடும் என்று பார் மேல் வைத்துத்தான் தெரியவரும்.

அதே போல, அக்காவின் பழைய கிரிப், சீனியர் கொடுத்த கிரிப். நம் வீடுகளில் சைக்கிளும் புத்தகமும் இப்படித்தான் இறங்கிவரும், நல்ல பழக்கம், ஆனால் கிரிப்பில் செல்லாது. அது ஏற்கெனவே இன்னொருவர் கைக்கு நீண்டு வளைந்து படிந்த லெதர். சொல்லப்போனால் ஒரே ஜோடியில்கூட வலதையும் இடதையும் மாற்றிப் போடக் கூடாது. வாங்கும்போது இரண்டும் ஒன்று போல இருக்கும், பழகப் பழக அந்தந்தக் கை விரலுக்கு ஓட்டை விட்டுக்கொடுத்திருக்கும். முதல் நாளே வாரின் உட்பக்கம் 'வ', 'இ' என்று எழுதிவிடுங்கள்.

லெதர் தடிமன் பற்றியும் கேட்பார்கள். தடித்தது அதிக நாள் உழைக்கும், மெதுவாக நீளும், ஆனால் பழக நாளாகும், சின்னக் கைக்கு மடக்கவே வராது. மெல்லியது சீக்கிரம் கைக்கு வரும், சீக்கிரம் போகவும் போகும். எடை குறைந்த பிள்ளைக்கு மெல்லியது போதும்.

பழக்குவது

புது கிரிப் புதுச் செருப்பு மாதிரி என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். முதல் நாள் பிள்ளை ஏமாற்றத்தோடு வருவாள், "வெறுங்கையே நல்லாருந்துச்சு" என்பாள். அது இயல்பு. முதல் வாரம் சும்மா தொங்குவது, சின்ன ஊஞ்சல், தாழ்ந்த பாரில் தெரிந்த சுலபமான சுற்றுகள், பத்துப் பதினைந்து நிமிஷம், பிறகு கழற்றிவிட வேண்டும். வீட்டில் டிவி பார்க்கும்போது அந்த பைப் துண்டை வைத்துக்கொண்டு பிடிப்பதும் விடுவதுமாக இருக்கலாம், லெதரில் பாரின் வளைவு விழும். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஜெயன்ட்டும், பாரை விட்டு மறுபடி பிடிக்கிற ரிலீஸும் எப்போது என்று கோச்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் மெத்தென்று ஆக்குகிறேன் என்று எண்ணெய் தடவுவது, வெந்நீரில் ஊறவைப்பது, வெயிலில் போடுவது எல்லாம் லெதரைக் கெடுக்கிற வழிகள். தேங்காய் எண்ணெய் தடவிய கிரிப்பை ஒரு முறை பார்த்திருக்கிறேன், பாட்டியின் அன்பு அது, ஆனால் அதற்கப்புறம் சாக்கே ஒட்டவில்லை.

இதிலிருந்து தானாக வருகிற ஒரு விஷயம்: போட்டியன்று புது கிரிப் கூடாது. இருக்கிறது தேய ஆரம்பிக்கும்போதே அடுத்த ஜோடியை வாங்கிப் பழக்க ஆரம்பித்துவிட வேண்டும். நம் ஊரில் பக்கத்துக் கடையில் கிடைக்கிற பொருள் இல்லை, வந்து சேரவே வாரக் கணக்கில் ஆகிறது, அதற்குமேல் பழக்க மூன்று வாரம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாக் என்றால் மெக்னீசியம் கார்பனேட். பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்த தூள் இல்லை. கேரம் போர்டு பவுடர் நிச்சயமாக இல்லை, சிரிக்காதீர்கள், ஒரு பெற்றோர் கொண்டுவந்தார். காயை வழுக்கவைக்கிற பவுடரைப் பிடிக்குப் போட்டால் என்ன ஆகும்! சாக்கை லெதரில் நன்றாகத் தேய்த்து, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். நாளாக நாளாகச் சாக்கும் வியர்வையும் சேர்ந்து லெதர் மேல் பளபளவென்று ஒரு ஏடு படியும், அது வழுக்கும். சின்னக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து எடுத்துவிட்டால் சொரசொரப்பு திரும்பும். அழுத்தித் தேய்த்தால் லெதரும் சேர்ந்து போகும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் இன்னொரு எதிரி ஈரம். பயிற்சி முடிந்ததும் நனைந்த ரிஸ்ட் பேண்டோடு கிரிப்பைச் சுருட்டி பைக்குள் திணித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பச்சையாகப் பூஞ்சை இருக்கும், மழைக்காலத்தில் ஒரே ராத்திரி போதும். வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுங்கள். வெயிலும் வேண்டாம், பூட்டிய காரின் டேஷ்போர்டும் வேண்டாம், காய்ந்து வெடித்துவிடும். பையில் காற்று போகிற துணிப்பை ஒன்று வைத்து அதில் போடுங்கள், ஷூ பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைக் கூடப் போட்டால் நல்லது. துவைக்க வேண்டியது ரிஸ்ட் பேண்டை மட்டும்.

எப்போது தூக்கிப்போட வேண்டும் என்று மாதக் கணக்கில் சொல்ல முடியாது, வாரம் மூன்று நாள் போகிற பிள்ளைக்கும் தினம் இரண்டு வேளை போகிறவருக்கும் ஒன்றாக இருக்காது. வாரம் ஒரு முறை பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் லெதர் மெலிந்த இடம் தெரியும். விரல் ஓட்டை விளிம்பில் சின்னக் கீறல், குச்சிக்குக் கீழே மடிகிற கோட்டில் வெடிப்பு, தையல் விட்டது, குச்சி உள்ளே ஆடுவது, பக்கிள் ஊசி வளைந்தது, இதில் ஒன்று தெரிந்தாலும் போதும். எதுவுமே கிழியாமல் நீளம் மட்டும் கூடியிருக்கலாம், அதுதான் கண்ணுக்குத் தப்பும். அதனால் வாங்கிய அன்று கிரிப்பைத் தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டு வையுங்கள், மாதம் ஒரு முறை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நான் வரைந்த தாளில் நான்கு மாதத்தில் லெதர் கோட்டைத் தாண்டி வெளியே எட்டிப்பார்த்தது. பைப் சோதனையை மறுபடி செய்தேன், அன்றைக்குக் கோச் தட்டிக்காட்டிய அதே மடிப்பு. தூக்கிப்போடும்போது வாரை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்று வேறு பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்ளும்.

கை உரிவது கிரிப் போட்டாலும் நிற்காது, குறையும். காய்ப்பு தடித்து மேடாக நின்றால்தான் பாரில் சிக்கி உரிகிறது, அதனால் குளித்து முடித்துத் தோல் ஊறியிருக்கும்போது குதிகால் தேய்க்கிற கல்லால் மேட்டை மட்டும் சமமாகத் தேய்த்துவிட வேண்டும், முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. உரிந்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, தொங்குகிற தோலைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, மருந்து வைத்து மூடி, அது ஆறுகிற வரைக்கும் பாருக்கு விடுமுறை. அந்த நாட்களில் பீமும் ஃப்ளோரும் செய்யட்டும். ராத்திரி படுக்கும்போது உள்ளங்கைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், காலையில் பயிற்சிக்குக் கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.